மானுக்கு வேலி போடலாமா?

ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டாலும், ஒரு விதையை விதைத்தாலும், அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ தின்பது அவனுக்கு ஸதக்காவாக எழுதப்படுகிறது என்பது நாயகம் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்த நற்செய்தி. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் கிரந்தங்களிலும் இது இடம்பெற்றிருக்கிறது. விவசாயம் செய்யும் முஸ்லிமுக்கு இதைவிட மனம் குளிரும் செய்தி வேறென்ன இருக்க முடியும்? அவன் உறங்கும் வேளையிலும் அவனுடைய வயல் அவனுக்காக நன்மை தேடிக்கொண்டிருக்கிறது!

ஒரு ஜும்ஆ பயானில் இந்த ஹதீஸை விளக்கியபோது, மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரு சகோதரர் முன் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. அருகில் வந்து மெல்லக் கேட்டார்:

"ஹஜ்ரத், நீங்க சொன்ன ஹதீஸ் மனசுக்கு இதமா இருக்கு. ஆனா எனக்கு ஒரு சங்கடம். ஒன்றரை ஏக்கர்ல கடலை போட்டிருந்தேன். முளைச்சு ரெண்டு இலை விட்ட நேரத்துல மான் கூட்டம் இறங்கி, ஒரே ராத்திரியில பாதியைத் தீர்த்துடுச்சு. நகையை அடகு வெச்சு மறுபடி விதை வாங்கியிருக்கேன். இப்ப வேலி போட்டா, ஸதக்காவோட வாசலை நானே அடைச்சவனா ஆயிடுவேனா? போடாம விட்டா என் பிள்ளைங்க வாயை யார் பார்க்கிறது? பக்கத்துக் காட்டுக்காரர் கரண்ட் கம்பி இழுத்துவிடச் சொல்றாரு. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்."

'போடலாம்' என்ற ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வியல்ல இது. சொந்த உடைமையைக் காப்பது, வாயில்லா ஜீவனுக்கு இரங்குவது, அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பது ஆகிய மூன்றும் இதில் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றுகின்றன. உண்மையில் மோதுகின்றனவா என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முளைப்பயிரின் நிலை

முதலில் அந்தச் சகோதரரின் நஷ்டம் எத்தகையது என்பதைப் புரிந்துகொள்வோம். விளைந்து நிற்கும் வயலில் ஒரு மான் வந்து நாலு வாய் மேய்ந்தால் நாலு வாய்தான் குறையும். முளைப்பயிரின் கதை அப்படியல்ல. நிலக்கடலை விதைத்து ஒரு வாரம் பத்து நாளில் முளை விடும். அந்தப் பருவத்தில் ஒரு செடியின் குருத்தைக் கடித்துவிட்டால், மான் தின்றது ஒரு வாய்த் தழைதான். விவசாயி இழப்பதோ அந்தச் செடியில் காய்க்கவிருந்த அத்தனை காய்களையும். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ விதைப்பருப்பு, உழவுக்கூலி, ஆட்கூலி, பெய்த மழையின் ஈரம், பருவத்தின் நாட்கள் எல்லாம் ஓர் இரவில் போய்விடுகின்றன. மறுபடி விதைக்கப் பணம் கிடைத்தாலும் பருவம் திரும்பக் கிடைக்காது.

மான் இதை வேண்டுமென்று செய்வதில்லை. அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. தழையைக் கீழ்ப்பற்களாலும் மேலீற்றாலும் பற்றி இழுத்துத்தான் தின்கிறது. ஈர மண்ணில் நிற்கும் முளை வேரோடு வந்துவிடுகிறது. புள்ளிமான் தனித்து வருவதுமில்லை, கூட்டமாக வருகிறது. தின்றதைவிட மிதிபட்டதே அதிகமாகிவிடுவதும் உண்டு. அதன் பசி உண்மை. விவசாயியின் நஷ்டமும் உண்மை. இருவரில் எவரையும் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. கேள்வி கடினமாவது இதனால்தான்.

ஹதீஸ் என்ன சொல்கிறது?

மேலே கண்ட ஹதீஸ் ஜாபிர் (ரலி) அவர்களின் வாயிலாகவும் முஸ்லிம் கிரந்தத்தில் வந்திருக்கிறது. அந்த அறிவிப்பில், நட்ட மரத்திலிருந்து திருடப்பட்டதும் ஸதக்காவே என்று சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இதை நாம் சிந்திக்க வேண்டும். திருடு போனதும் ஸதக்கா என்பதால், திருடன் வர வசதியாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று எந்த ஆலிமாவது சொன்னதுண்டா? இல்லை. பொருளைப் பாதுகாப்பது நம் கடமை. பாதுகாத்தும் போய்விட்டால், போனது வீண் போகவில்லை என்று ஆறுதல் தருவது அல்லாஹ்வின் கிருபை. அதே நியாயம்தான் மானுக்கும். அந்த ஹதீஸ் வேலியைப் பிடுங்கச் சொல்லும் கட்டளையல்ல. வேலியையும் மீறிப் போனதற்கு ஈடு சொல்லும் வாக்குறுதி.

தவக்குல் என்ற பெயரில் வயலைத் திறந்து போடுவதும் சரியல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் வினவியபோது, கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் இருக்கிறது. ஒட்டகத்துக்குக் கயிறு எப்படியோ, முளைப்பயிருக்கு வேலி அப்படி.

மதீனாவின் சுவர்களும் மதீனாவின் மான்களும்

அபூஹுரைரா (ரலி) அவர்கள் சம்பந்தப்பட்ட இரண்டு செய்திகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒன்று: புனித மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஹராமாக்கினார்கள். அதை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், மதீனாவில் மான்கள் மேய்வதைத் தாம் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டார் என்று தம்மைப் பற்றிச் சொன்னார்கள். இது புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

மற்றொன்று: ஒரு சமயம் பெருமானாரைக் காணாமல் தேடிச் சென்ற அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள், அன்ஸாரிகளில் பனூ நஜ்ஜார் கூட்டத்தாரின் தோட்டம் ஒன்றை அடைந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்தும் வாசல் அகப்படவில்லை. வெளியே இருந்த கிணற்றிலிருந்து சுவருக்கு அடியில் உள்ளே போகும் சிறிய வாய்க்கால் ஒன்றைக் கண்டு, நரியைப்போல உடலைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளே நாயகம் (ஸல்) அவர்கள் வீற்றிருந்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் காணப்படும் பிரசித்தமான சம்பவம் இது. தோட்டத்துக்கு அந்த ஹதீஸில் வரும் அரபுச் சொல்லே 'ஹாயித்' என்பதுதான். சுவர் என்பது அதன் நேர்ப்பொருள். சுவர் சூழ்ந்ததையே மதீனாவாசிகள் தோட்டம் என்று வழங்கினார்கள்.

மான்கள் அச்சமின்றி மேய்ந்த ஊர் அது. தோட்டங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்த ஊரும் அதுவே. அந்தச் சுவர்களுக்குள் பெருமானார் போய் அமர்ந்திருக்கிறார்கள். ஏன் சுவர் வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆகவே ஒன்று தெளிவாகிறது. சுவர் வைப்பது ஒரு ஜீவனின் மீது பகை கொள்வதாகாது. 'இது என் பிள்ளைகளின் உணவு. அப்பால் இருப்பது உன் மேய்ச்சல்' என்று எல்லை குறிப்பதே அது. வெருட்டக்கூடாது என்ற தடை மதீனாவின் புனித எல்லைக்கு உரிய விசேஷச் சட்டம். நம் வயலில் மானை விரட்டலாம். ஆனால் அந்தச் சட்டத்தை மனதில் ஏந்தியிருந்தவரின் மென்மை எல்லா ஊருக்கும் உரியது.

காவலின் பொறுப்பு யாருக்கு?

பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து நாசம் செய்துவிட்டது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் சொந்தக்காரரின் பொறுப்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் வரும் இந்தத் தீர்ப்பு, பயிர்ச்சேத வழக்குகளுக்கு ஃபிக்ஹு நூல்களில் அடிப்படையாக விளங்குகிறது.

காட்டு மானுக்குச் சொந்தக்காரர் இல்லை. இரவில் அதைப் பட்டியில் அடைக்க ஆளில்லை. யார் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. எனவே பகல் காவலோடு இரவுக் காவலும் விவசாயியின் தலையிலேயே விழுகிறது. இவ்வளவு பாரத்தைச் சுமப்பவனிடம் வேலியும் கூடாது என்று சொல்ல ஷரீஅத் வரவில்லை. சேதத்துக்கு அரசு தரும் நஷ்டஈட்டை வனத்துறையிடம் மனுச் செய்து பெறுவதிலும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எப்படிப்பட்ட வேலி?

வேலி போடலாம் என்பது முடிவாயிற்று. இனி, எந்த வேலி என்பதே முக்கியம்.

தாக்க வரும் பிராணியையோ, பொருளை அழிக்க வரும் பிராணியையோ தடுப்பதில் இமாம்கள் ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறார்கள். எது இலகுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். சத்தம் போட்டால் போகுமென்றால் கல்லெறியக்கூடாது. கல்லுக்கு ஓடுமென்றால் காயப்படுத்தக்கூடாது. தடுக்கத் தேவையான அளவு எதுவோ அதுவே அனுமதி. அதற்கு மேற்பட்டது அக்கிரமம்.

நம் முன்னோர்கள் கிதாபைப் பாராமலே இந்த ஒழுங்கில் நடந்தார்கள். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வைத்தார்கள். இலந்தை முள்ளையும் கருவேல முள்ளையும் வெட்டிக் கட்டினார்கள். பரண் கட்டி இராக்காவல் இருந்தார்கள், தகரம் தட்டினார்கள். வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மானுக்குத் தாவும் சக்தி அதிகமாகையால் வேலி எட்டடி உயரமாவது இருப்பது நல்லது. அதோடு, அடியில் இடைவெளி கண்டால் குனிந்து நுழைந்துவிடும். மேலே உயர்த்தினால் மட்டும் போதாது, கீழேயும் அடைக்க வேண்டும். அத்தனை உயர வேலிக்கு வசதியில்லாதவர்கள் முளைப்பருவத்தின் சில வாரங்களுக்காவது காவலை இறுக்கிக்கொள்ளலாம். மரக்கன்று நடுபவர்கள் ஒவ்வொரு கன்றுக்கும் தனிக்கூண்டு வைத்தால், கன்று மானின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை போதும்.

மீன்வலையைக் கட்டுகிறவர்களும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் ஆண் மானின் கொம்பு அதில் சிக்கினால் அது திமிறித் திமிறியே மாண்டுவிடும். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்ற ஹதீஸ் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். வலை கட்டியவர் தினமும் ஃபஜ்ருத் தொழுததும் போய் அதைச் சுற்றிப் பார்க்காவிட்டால், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்? வலையில் சிக்கியதையும், வேலிக்குள் மாட்டிக்கொண்டதையும் வனத்துறைக்குச் சொல்லியோ வழிதிறந்தோ விட்டுவிட வேண்டும். மானிறைச்சி ஷரீஅத்தில் ஹலாலாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். வேலி என்று பெயர் சொல்லி உள்ளத்தில் கறியை நினைத்துக் கண்ணி வைப்பவன், மனிதர்களை ஏமாற்றலாம். நிய்யத்தை அறிந்தவனை ஏமாற்ற முடியாது.

மின்கம்பியின் கொடுமை

இப்போது அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரின் யோசனைக்கு வருவோம். சூரிய ஒளியால் இயங்கும் முறையான வேலி, நொடிக்கும் குறைந்த நேரம் சுரீரென்று ஓர் அதிர்ச்சி கொடுத்து விலங்கைப் பின்வாங்கச் செய்யும், உயிரைப் பறிக்காது. அதுவும் உரிய அனுமதியோடு அமைக்கப்பட வேண்டும். இத்தகைய வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2023-ல் விதிகளை அறிவித்திருக்கிறது. ஆனால் கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேரடியாக மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது வேலியே அல்ல. அது இருட்டில் மறைத்து வைத்த கொலைக்கருவி.

அந்தக் கம்பிக்கு மான் எது, மனிதன் எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்க இழுத்த கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும் இத்தகைய கம்பிகளில் உயிரிழந்திருக்கிறார்கள். பிறர் நடக்கும் வழியில் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து மாண்டால் தோண்டியவனே பொறுப்பாளி என்கிறது ஃபிக்ஹு. மின்கம்பி இழுத்தவனின் நிலை அதைவிட இலகுவாக இருக்குமா? ஒன்றரை ஏக்கர்க் கடலைக்காக ஓர் உயிரின் இரத்தத்தைக் கழுத்தில் சுமந்துகொண்டு மறுமையில் நிற்க எவருக்குத் துணிவு வரும்?

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் சீறாப்புராணம் கேட்டு வளர்ந்தவர்கள், உமறுப் புலவர் பாடிய 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தை மறந்திருக்க மாட்டார்கள். வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர அவகாசம் கேட்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகத் தாமே பிணை நிற்கிறார்கள். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை வல்லுநர்கள் சொல்வர். சட்டம் எடுக்க அது ஆதாரமாகாது என்பது சரியே. ஆயினும் ஒரு சமுதாயம் தன் நபியை எத்தகையவராக அறிந்து நேசித்தது என்பதற்கு அந்தப் படலம் சாட்சி. மானுக்குப் பிணை நின்றவராகத் தம் நபியைப் போற்றியவர்கள், மானின் பாதையில் மரணத்தைக் கட்டி வைக்கலாமா?

வேலிக்கு அந்தப் பக்கம்

இதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினோம். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒன்று உண்டு.

தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்களும் ஒரு பயிர் வழக்கில் தீர்ப்புச் சொன்னதைத் திருமறையின் அன்பியா சூரா 78, 79 ஆகிய வசனங்கள் குறிப்பிடுகின்றன. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் ஒருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. முஃபஸ்ஸிரீன்கள் தரும் விளக்கப்படி, ஆடுகளை நிலக்காரரிடமே கொடுத்துவிடும்படி தாவூது (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) அவர்களோ, ஆட்டுக்காரர் அந்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை நிலக்காரர் ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் அனுபவிக்கட்டும். பிறகு அவரவர் உடைமை அவரவருக்கு என்று தீர்த்தார்கள். அழித்தவனே மீண்டும் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் நாம் நம்மை எப்போதும் நிலக்காரராகவே எண்ணிக்கொள்கிறோம். காட்டை ஒரு வயலாக எண்ணிப் பாருங்கள். அது மான்களின் வயல். அதில் நம் மாடுகளும் ஆடுகளும் புகுந்து மேய்கின்றன. கோடையில் நம் கை வைத்த தீ அதன் புல்லை எரிக்கிறது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காடெங்கும் படர்ந்து, மானுக்கு உணவான புல்லை அமுக்கிவிட்டது. ஓடையைத் தடுத்து நம் கிணற்றுக்குத் திருப்பிக்கொள்கிறோம். பிறகு மேய்ச்சலும் நீரும் தேடி மான் கீழே இறங்கினால், அதைத் திருடன் என்கிறோம். சுலைமான் (அலை) அவர்களின் சபையில் அந்த மான்கள் வந்து முறையிட்டால், ஆட்டுக்காரரின் இடத்தில் நிற்கப்போவது யார்? பூமியைத் தன் படைப்பினங்களுக்காக விரித்து வைத்திருப்பதாக ரஹ்மான் சூராவில் அல்லாஹ் அறிவிக்கிறான். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் சூராவில் நினைவூட்டுகிறான்.

எனவே வேலி போடும் உரிமை நமக்கு உண்டென்றால், அதே வேலி நம்மையும் தடுக்க வேண்டும். மானை வயலுக்குள் விடாத கம்பி, நம் மாட்டையும் கோடரியையும் தீக்குச்சியையும் காட்டுக்குள் விடாதிருக்க வேண்டும். மான் வழக்கமாகத் தண்ணீருக்குப் போகும் தடத்தை அடைக்காமல் வேலியைச் சற்று ஒதுக்கிப் போடுவதும் இதில் சேரும். ஒருபக்கம் மட்டும் தடுக்கிற வேலி நீதியுள்ள வேலியாகாது.

இரக்கம் மேலிட்டு வயலோரத்தில் மானுக்கென்று கொஞ்சம் பயிரை விட்டுவைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது மானுக்கும் நன்மையல்ல. ருசி கண்ட கூட்டம் நாளும் வரும்; நாய்க்கும் வண்டிக்கும் கண்ணிக்கும் இரையாகும். அதன் மேய்ச்சல் காட்டை அதற்கு விட்டுக்கொடுப்பதே அதற்கு நாம் செய்யும் ஸதக்கா.

ஆனால் மனிதர்களின் விஷயம் வேறு. ஏழைகள் வந்துவிடுமுன் அதிகாலையில் போய்க் கனி பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்த தோட்டக்காரர்களின் கதை கலம் சூராவில் வருகிறது. விடிந்து பார்த்தபோது தோட்டமே கருகிக் கிடந்தது. மானுக்குப் போட்ட வேலி ஏழைக்கும் போட்டதாகிவிடக்கூடாது. விளைச்சலின் ஹக்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது இறைக்கட்டளை. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்ற அளவை நாம் அறிவோம். மானைத் தடுத்துக் காத்த பயிரில் ஏழையின் பங்கும் இருக்கிறது. வேலி போடுவதற்கு அதுவும் ஒரு நியாயம்.

முடிவு

அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னது இதுதான்: "தாராளமா வேலி போடுங்க. முள்ளால போடுங்க, உயரமாப் போடுங்க, தொழுதுட்டு ராவுல ஒரு தடவை சுத்திப் பாருங்க. கரண்ட் கம்பியை மட்டும் கனவுலயும் நினைக்காதீங்க. இத்தனைக்குப் பிறகும் ஒரு மான் தாவி வந்து தின்னுட்டுப் போனா, அதைச் சபிக்காதீங்க. அன்னைக்குத்தான் நீங்க கேட்ட ஹதீஸ் உங்களுக்காகப் பேசும்."

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அப்ப போன வாரம் தின்னது?" என்று கேட்டார்.

"அல்லாஹ் நாடினால் அது உங்க ஏட்டுல ஏறியிருக்கும்" என்றோம்.

பாடுபட்டு விதைப்பவர்களின் பயிரை அல்லாஹ் காப்பானாக! நம் கைகளால் அவனுடைய எந்தப் படைப்புக்கும் அநீதி நேராமல் தடுப்பானாக! நாம் இழந்தவற்றையும் நமக்கு நன்மையாக எழுதுவானாக! ஆமீன்.